கருவுற்ற காலத்தில் எச்.ஐ.வி. மாத்திரையைத் தவறாமல் எடுக்க: சேலம், ஏற்காடு பகுதித் தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டி

கருவுற்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஒன்று என்பதால், தமக்குத் தொற்று இருப்பதைப் பல பெண்கள் வயிற்றில் பிள்ளை உருவான பிறகே முதன்முறையாக அறிகிறார்கள். அதிர்ச்சி தணிவதற்குள் மாத்திரையும் கையில் கொடுக்கப்படுகிறது. இந்தக் கட்டுரை அப்படி அண்மையில் மருந்து தொடங்கிய பெண்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் கணவர், தாய், கிராம சுகாதார செவிலியர் ஆகியோருக்கும் எழுதப்படுகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் ஆகிய மூன்று கட்டங்களையும் சேர்த்து, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கிறது. முறையான சிகிச்சையால் அதை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர முடியும். கருவுற்ற தொடக்கத்திலேயே மருந்தை ஆரம்பித்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட தாய்மார்களிடம் அது ஒரு விழுக்காட்டையொட்டி வந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது தினமும் ஒரே நேரத்தில் விழுங்கப்படும் ஒரு மாத்திரை. அதைத் தவறவிடும் பெண்கள் பெரும்பாலும் அலட்சியத்தால் தவறவிடுவதில்லை. வாந்தி, சத்து மாத்திரைகள், வளைகாப்பு, தாய்வீட்டுப் பயணம், பிரசவம், குழந்தை பிறந்த பிறகான ஓய்வில்லாத நாட்கள் என்று கர்ப்பகாலத்தில் வழக்கம் குலையும் இடங்கள் இன்னின்னவை என்பது முன்கூட்டியே தெரிந்ததே. ஒவ்வொன்றுக்கும் முன்னேற்பாடு செய்துவைக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

எங்கே போவது, என்ன கொடுப்பார்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்படுவது முதற்கட்டப் பரிசோதனை மட்டுமே. அதில் தொற்று இருக்கலாம் என்று தெரிந்தால், அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, அங்கே மீண்டும் வெவ்வேறு பரிசோதனைகள் செய்து உறுதிப்படுத்துவார்கள். உறுதியானதும், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்யப்படும். சேலத்தில் இது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. பரிசோதனை, மருத்துவர் ஆலோசனை, மாத்திரை எல்லாமே இலவசம். தொலைவிலிருந்து வருபவர்கள் தம் வீட்டுக்குப் பக்கத்தில் இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் எது, அங்கே மாத்திரை வாங்க முடியுமா என்று முதல் நாளே ஆலோசகரிடம் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டதனால் மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

கருவுற்ற பெண்ணுக்குச் சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு எவ்வளவு இருந்தாலும், எத்தனையாவது மாதமாக இருந்தாலும், மருந்து காலதாமதமின்றித் தொடங்கப்படுகிறது. பெரும்பாலோருக்குத் தரப்படுவது டி.எல்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் ஆகிய மூன்றும் அந்த ஒரே மாத்திரையில் அடங்கியிருக்கின்றன. டோலுடெகிராவிர் குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்குமோ என்ற ஐயம் 2018இல் போட்ஸ்வானா நாட்டிலிருந்து வந்த முதற்கட்டத் தரவுகளால் எழுந்தது. கூடுதல் தரவுகள் சேர்ந்தபோது அந்த ஐயம் நீங்கியது. உலக சுகாதார நிறுவனமும் 2019 முதல் கருவுற்ற பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. பழைய செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்க வேண்டாம்.

முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டிய செய்திகள் சில உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெகிராவிர் நாளுக்கு ஒரு வேளை போதாது, 12 மணி நேரம் கழித்து இன்னொரு வேளை தேவைப்படும். வலிப்புக்கான சில மருந்துகள் இந்த மாத்திரையின் வலிமையைக் குறைக்கும். கர்ப்பகாலச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதப்பட்டால் அதன் அளவை மட்டுப்படுத்த வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் சொல்ல வேண்டும். மலைக்கிராமங்களில் வழக்கத்தில் உள்ள பச்சிலை மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் அதையும் தயங்காமல் சொல்லலாம். மருத்துவர் கேட்பது கண்டிப்பதற்காக அன்று, எது எதனோடு சேராது என்று பார்ப்பதற்காகவே.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

டி.எல்.டி. மாத்திரையைச் சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். காலையா இரவா என்பதும் உங்கள் வசதியே. ஆனால் ஒருமுறை தேர்ந்தெடுத்த நேரம் மாறக் கூடாது. கடிகாரத்தை மட்டும் நம்பாமல், எந்த நாளிலும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதிகாலையில் அடுப்பு மூட்டும் நேரம் பொருந்தும். அம்மாப்பேட்டையிலோ குகையிலோ தறி ஓடும் வீட்டில், ஷிஃப்ட் மாறும்போது தூங்கும் நேரமும் மாறிவிடும் என்பதால், படுக்கைக்குப் போகும் நேரத்தை நம்புவது சரிவராது. டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் காலை நேரத்துக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

மாதத்துக்கு 30 மாத்திரை என்று வைத்துக்கொண்டால், ஒன்று தவறினால், எடுக்க வேண்டியதில் 97 விழுக்காட்டுக்கு அருகில் நிற்கிறீர்கள். இரண்டு தவறினால் 93க்கு இறங்கிவிடுகிறீர்கள். 95க்கு மேல் இருக்க வேண்டும் என்று மையத்தில் சொல்வதன் நடைமுறைப் பொருள், மாதத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் விடுபடக் கூடாது என்பதுதான். ஒவ்வொரு முறையும் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பது உங்கள்மீது சந்தேகம் கொண்டு செய்வதன்று. விடுபட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்; காரணம் தெரிந்தால்தான் ஆலோசகரால் வழி சொல்ல முடியும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவுக்கு வந்த உடனே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமே இருக்கும்போது நினைவு வந்தால் காத்திருந்து அடுத்த வேளையை மட்டும் எடுங்கள். இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள்: அதிகம் பிழை நேரும் இடம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாத்திரை எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாமல் எடுத்தும் பலன் குறையக்கூடிய முக்கியமான இடம் இது. நான்காம் மாதம் முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நாளுக்கு ஓர் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும், இரண்டு கால்சியம் மாத்திரைகளும் தரப்படுகின்றன. இரும்பும் கால்சியமும் வயிற்றில் டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துகளும் இதையே செய்யும். ஆகவே வெறும் வயிற்றில் டி.எல்.டி. எடுப்பவர்கள், இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, இவற்றை எடுத்த 6 மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும்.

முன் என்றால் இரண்டு, பின் என்றால் ஆறு என்னும் இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கால்சியம் போட்டு, பத்து மணிக்குப் படுக்கும்போது டி.எல்.டி. எடுக்கும் பெண், இரண்டு மணி நேர இடைவெளி விட்டுவிட்டதாகவே நினைப்பார். ஆனால் அந்தத் திசையில் தேவைப்படும் இடைவெளி ஆறு மணி நேரம். ஒவ்வொரு இரவும் மாத்திரையை விழுங்கியும் அதன் முழுப் பயன் அவருக்குக் கிடைக்காமல் போகும்.

எளிமையான கால அட்டவணை ஒன்று: காலை 6 மணிக்கு டி.எல்.டி.; எட்டரை மணிக்குக் காலை உணவுக்குப் பின் ஒரு கால்சியம்; மதிய உணவுக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை; இரவு உணவுக்குப் பின் இரண்டாவது கால்சியம். இரவில்தான் டி.எல்.டி. எடுப்பேன் என்பவர்கள் அன்றைய கடைசிக் கால்சியத்தை மாலை 4 மணிக்குள் முடித்துவிட்டு, இரவு 10 மணிக்கு எடுக்கலாம். இரும்பையும் கால்சியத்தையும் எப்போதும் ஒன்றாகப் போடக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒட்டிக் காபியோ டீயோ குடிப்பதும் கூடாது, காபித் தோட்டத்துக்கு நடுவில் வாழ்பவர்களுக்கு இது சிரமமான விதி என்றாலும்.

இந்தக் கணக்கு ஒத்துவராதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் எடுப்பதானால், டி.எல்.டி.யையும் ஒரு கால்சியம் அல்லது ஓர் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்தே எடுக்கலாம், உணவு அந்தத் தடையை ஈடுகட்டிவிடுகிறது. காலையில் குமட்டல் மிகுந்தவர்களுக்கு என் பரிந்துரை இதுவே. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருக்கும் நாட்களில் உணவு மாறும் என்பதால், அன்று டி.எல்.டி.யை மட்டும் வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு எடுத்துவிட்டு, சத்து மாத்திரைகளை இடைவெளிக் கணக்குப்படி தள்ளிவைக்கலாம். விரதத்துக்காக டி.எல்.டி.யை விட வேண்டிய தேவையே இல்லை.

வாந்தி

முதல் மூன்று மாதங்களில் குமட்டல் இயல்பு. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் மாத்திரையாலும் குமட்டல், தலைவலி வரலாம், அது பெரும்பாலும் தானே குறைந்துவிடும். குமட்டல் குறைவாக இருக்கும் வேளை எதுவென்று ஒரு வாரம் கவனித்து, அந்த நேரத்தை மாத்திரைக்கு ஒதுக்கலாம். விழுங்கிய சிறிது நேரத்திலேயே மாத்திரை வெளியே வந்துவிட்டால் இன்னொன்று எடுக்க வேண்டியிருக்கும்; எவ்வளவு நேரத்துக்குள் என்பதை முதல் வருகையிலேயே கேட்டு, சிகிச்சைக் கையேட்டின் அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம் வருபவர்களுக்கு ஒரு சொல்: 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கும்போது பலருக்கு வாந்தி வரும். அந்த நாளில் மாத்திரையை எடுத்த கையோடு பேருந்து ஏறாமல், புறப்படுவதற்கு வெகுமுன்பே எடுத்துவிட வேண்டும். தினமும் வாந்தி நிற்காவிட்டால் மாதாந்திரத் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாந்தியைக் கட்டுப்படுத்தக் கர்ப்பகாலத்துக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன.

மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுதல்

டப்பாவில் ஒரு வாரத்துக்கான மாத்திரை இருக்கும்போதே அடுத்த டப்பா கைக்கு வந்துவிட வேண்டும். மலையில் இருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருந்தாலும் வடகிழக்குப் பருவமழையில் எந்தப் பாதையும் உறுதியில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் தேதிகளைச் சில நாள் முன்னதாகவே வைத்துக்கொள்ள முடியுமா என்று மையத்தில் கேளுங்கள். காபிப் பழம் பறிக்கும் பருவமும் நவம்பரிலிருந்துதான் சூடுபிடிக்கும் என்பதால், விடுப்பு எடுப்பது கடினமாகும் மாதங்களும் இவையே. வர இயலாதபோது குடும்பத்தில் ஒருவர் கையேட்டுடன் வந்து வாங்கிச் செல்ல அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளை அவை வந்த டப்பாவிலேயே, ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு, மூடி இறுக மூடி வையுங்கள். அடுப்புக்கு மேலும், மழைக்காலத்தில் கசியும் சுவர் ஓரத்திலும் வைக்க வேண்டாம். வெளியே போகும்போது இரண்டு மாத்திரைகளை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் யாரிடம் சொல்வது

இதற்கு ஒரே விடை கிடையாது. கணவருக்குப் பரிசோதனை செய்வது அவருடைய நலனுக்கும் தேவை, உங்கள் சிகிச்சைக்கும் தேவை. அவரிடம் சொல்வது கடினமாக இருந்தால் ஆலோசகரின் முன்னிலையில் பேசலாம். மாமியாரிடமோ நாத்தனாரிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் (2017) உங்கள் நிலையை இரகசியமாகக் காப்பதை மருத்துவமனைகளின் கடமையாக்கியிருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையையோ பிரசவத்தையோ மறுப்பதும் வேலையிலிருந்து நீக்குவதும் அச்சட்டப்படி தவறு. யாரிடமும் பேச முடியாத வேளையில் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஆயினும் ஒருவரிடமாவது சொல்லியிருப்பது மாத்திரை தவறாமல் இருக்கப் பெரிதும் உதவுகிறது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். எல்லோருக்கும் ஒளித்து, அரிசிப் பானைக்குள் வைத்து எடுக்கும் மாத்திரை, வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும் நாளில் எடுக்கப்படாமலே போகும். பிரசவ வலி வந்து நீங்கள் ஆட்டோவில் ஏறும்போது அந்த டப்பாவை எடுத்து உங்கள் பையில் வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தாயோ, அக்காவோ, கணவரோ யாராகவும் இருக்கலாம்.

வளைகாப்பும் தாய்வீடும்

ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். மருத்துவக் கணக்கில் பார்த்தால், இடம் மாறக் கூடாத நேரத்தில் இடம் மாறும் நிகழ்வு இது. 32 முதல் 36 வாரங்களுக்குள், இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோடு பரிசோதனை செய்தாக வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு எந்தத் தடுப்பு மருந்து, எத்தனை வாரம் என்பதை அந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. வளைகாப்பு, உறவினர் வருகை, பயணம் ஆகியவற்றுக்கு நடுவில் இந்தப் பரிசோதனை நழுவிப்போனால், குழந்தையை அதிக ஆபத்துள்ளதாகவே கருதி மருந்து கொடுக்க நேரிடும்.

எனவே வளைகாப்புத் தேதியைக் குறிக்கும் நாளிலேயே ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிடுங்கள். தாய்வீடு ஆத்தூரிலோ ஓமலூரிலோ இருந்தால் அருகிலுள்ள இணைப்பு மையம் எதுவென்று சொல்வார்கள். நாமக்கல், தருமபுரி போன்ற அண்டை மாவட்டங்களிலும் ஏ.ஆர்.டி. மையங்கள் உள்ளன, சில மாதங்கள் அங்கே மருந்து வாங்க முறைப்படி மாற்றுக் கடிதம் தருவார்கள். சிகிச்சைக் கையேடு, தாய் சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவின்போது தரப்படும் பிக்மி எண், கடைசிப் பரிசோதனை முடிவுகள், கையிருப்பு மாத்திரைகள் எல்லாம் ஒரே பையில், புடவைகளுக்கு அடியில் போகாமல், உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும்.

பிரசவ நாள்

பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். மலைக்கிராமத்தில் இருப்பவர்கள் வலி வரும்வரை காத்திராமல், குறித்த தேதிக்குச் சில நாட்கள் முன்பே அடிவாரத்துக்கு வந்துவிடுவது பாதுகாப்பு. எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அதை மகப்பேறு மருத்துவர் வேறு காரணங்களைப் பார்த்து முடிவு செய்வார். வலி வந்த நாளிலும், அறுவைச் சிகிச்சை நடக்கும் நாளிலும், டி.எல்.டி. மாத்திரை வழக்கமான நேரத்தில் தொடர வேண்டும். வேறு எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தால், இந்த மாத்திரையை எப்படி எடுப்பது என்று பணியில் உள்ள மருத்துவரிடம் கேளுங்கள்.

குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் அதற்குத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். தாயின் வைரல் லோடு (ஒரு மில்லிலிட்டருக்கு வைரஸ் எண்ணிக்கை) 1000க்குக் கீழே இருந்தால் ஒரு மருந்து, வழக்கமாக நெவிரபின் சொட்டு மருந்து, ஆறு வாரத்துக்கு. 1000 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, பரிசோதனையே செய்யப்படாமல் இருந்தாலோ நெவிரபினோடு சிடோவுடினும் சேரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது 12 வாரம் நீளும். எதிர்பாராமல் வீட்டிலோ 108 வண்டியிலோ குழந்தை பிறந்துவிட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பிறந்த பிறகு

உண்மையான சோதனைக்காலம் இங்கேதான் தொடங்குகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு கட்டுரை, கர்ப்பகாலத்தில் சுமார் 76 விழுக்காட்டுப் பெண்கள் போதிய அளவில் மருந்தைத் தொடர்ந்ததாகவும், பிரசவத்துக்குப் பின் அது 53 விழுக்காடாகச் சரிந்ததாகவும் காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வயிற்றுப் பிள்ளைக்காக மாத்திரை எடுத்தவளுக்கு, பிள்ளை நலமாகப் பிறந்ததும் கடமை முடிந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த மாத்திரை தாயின் உயிருக்கும் உரியது, வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் அதை நிறுத்தினால், ஒன்பது மாதம் காத்த குழந்தைக்குப் பாலின் வழியே தொற்று போகக்கூடும். பத்தியம் இருக்கும் நாட்களில் உணவில் எதைக் குறைத்தாலும் மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

தாய்ப்பால் கொடுப்பதா, மாற்றுப்பாலா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவருடன் பேசி முடிவு செய்ய வேண்டும். தாய்ப்பால் என்று முடிவெடுத்தால், மருத்துவர் தந்த மருந்துகளைத் தவிர, முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே. இங்கே பெரியவர்களின் அன்பே தடையாக வருவதுண்டு. பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, ஜாதிக்காய் இழைத்த உரை மருந்து, வயிற்றுவலிக்குக் கடை மருந்து ஆகிய எதையும் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலோடு பிற உணவு கலக்கும்போது குழந்தையின் குடலின் மெல்லிய உட்புறம் பாதிக்கப்பட்டுத் தொற்று நுழைவது எளிதாகிறது. பாட்டியிடம் நோயைப் பற்றிச் சொல்லாமலே, ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகவே செவிலியர் சொல்கிறார் என்று கூறலாம். அது முழு உண்மையும்கூட. மார்பில் வெடிப்போ கட்டோ வந்தால் உடனே காட்டுங்கள்.

குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் இரத்தப் பரிசோதனை. அன்றே கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தும் தொடங்கும். பின்னர் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், தாய்ப்பால் நிறுத்திய ஆறு வாரத்துக்குப் பின், இறுதியாகப் பதினெட்டாம் மாதம் எனப் பரிசோதனைகள் தொடரும். ஆறாவது வார முடிவு தொற்று இல்லை என்று வந்ததும் மகிழ்ந்து வராமலிருந்துவிடுபவர்கள் உண்டு. தாய்ப்பால் குடிக்கும்வரை வாய்ப்பு நீடிப்பதால், பதினெட்டாம் மாத முடிவே உறுதியானது. இந்தத் தேதிகளைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தவரை அதே நாட்களில் உங்கள் மாத்திரை வாங்கும் தேதியும், உங்களுக்கான வைரல் லோடு பரிசோதனையும் அமையுமாறு கேட்டுக்கொண்டால், கைக்குழந்தையுடன் இரண்டு முறை அலைய வேண்டியிராது.